ரேஸுக்கு ஆள் கூப்பிட்ட குரல்

கூட்டம் சேர்ப்பது ஒரு தொழில் என்று சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பசை வாளியும் ஏணியும் தூக்கி சினிமா போஸ்டர் ஒட்டினேன். பிறகு மைக் செட், பிறகு ஆட்டோ விளம்பரம், பிறகு சொந்தமாக பிளக்ஸ் கடை என்று ஏறி வந்தேன். கள்ளக்குறிச்சியில் கபடிப் போட்டியோ, பொருட்காட்சியோ, கடைத் திறப்போ எதுவானாலும், "அந்த ஆளுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்காமல் ஒருவரும் பந்தல்கால் நடுவதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் கையில் வேறு சொத்து என்ன இருக்கிறது?

ஆனால் இப்போது எழுதப் போவது மோட்டார் சைக்கிள் ரேஸுக்குக் கூட்டம் சேர்த்த கதை. அதிலும் ஒரு குரலின் கதை.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயி ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். அவர் மகன் மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறான் என்று ஒருநாள் கடைக்கு வந்து சொன்னார். கல்வராயன் மலை ரோட்டில் சைலன்சரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பறக்கிற கூட்டத்தில் ஒருவன் என்று நினைத்து, "காலு கை ஒடையறதுக்கு முன்ன கல்யாணம் பண்ணி வெச்சிருங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது தறுதலைங்க ஓட்டுறது. எம் புள்ள லைசென்ஸ் வாங்கி, தோல் சட்டை போட்டுக்கினு, சென்னைக்குப் போற வழியில ரேஸ் மைதானம் கீதே, அதுல ஓட்டுறான். நீ வந்து பாத்துட்டுப் பேசு" என்றார்.

போய்ப் பார்த்தேன். வண்டிகளைப் பார்த்து நான் அசரவில்லை. மைதானத்தைச் சுற்றி சிமெண்டில் கேலரி கட்டியிருந்தார்களே, அதைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போனேன். அவ்வளவு பெரிய கேலரியில் மனிதர்களை விட நிழல் ஜாஸ்தி. நாட்டின் பெரிய ரேஸ் என்கிறார்கள். பையன்கள் முட்டி தரையில் உரச உரச வளைகிறார்கள். உயிரைப் பணயம் வைத்து ஒருவன் முந்துகிறான். கைதட்ட நாதி இல்லை. தொழில்காரனுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியுமா எரியாதா?

விவசாயி மகனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். தம்பிக்கு வண்டி கொடுத்திருந்த டீம் முதலாளி சென்னைக்காரர், நல்ல மனுஷன். அவரிடம் நேராகக் கேட்டேன்.

"ஏன் சார் ஆளே இல்ல?"

"நம்ம ஊர்ல ரேஸ் பார்க்க யார் சார் வருவாங்க? ஓட்டுறவனோட அப்பா அம்மா, மெக்கானிக்கோட மச்சான். அவ்வளவுதான்."

"ஆளு வந்தா?"

"ஆள் வந்தா கம்பெனிக்காரன் தன் பேரை வண்டியில போடச் சொல்லி வருவான். அவன் வந்தா தம்பிக்கு அடுத்த வருஷமும் வண்டி. வரலைன்னா நான் எத்தனை நாள் கைக்காசு போடுறது?"

"ஆளு நான் கொண்டாறேன்" என்றேன். அவர் என் வேட்டியையும் தோள்துண்டையும் பார்த்தார். பிறகு, பாவம், மரியாதைக்குத் தலையாட்டினார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. என் கையில் ஒரு குரல் இருந்தது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கருணாபுரத்தில் இருந்தவர். கொத்தனாருக்குக் கையாளாகப் போவார். என் கடைக்கு மாடி கட்டும்போது வந்த ஆள். மேலே சாரத்தில் நின்றுகொண்டு "மணலு!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். கீழே ரோட்டில் போனவர்கள் எல்லாம் ஏதோ தங்களைத்தான் கூப்பிட்டது போல நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கத்துகிற குரல் ஊருக்கு நூறு கிடைக்கும். இது அப்படி இல்லை. உங்கள் வீட்டு வாசலில் நின்று உங்களை மட்டும் கூப்பிடுகிற குரல். அன்றைக்கே அவரைச் சாரத்திலிருந்து இறக்கி ஆட்டோவில் ஏற்றினேன். ஆளைப் பார்த்தவுடன் தரம் சொல்வதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

ஆட்டோ விளம்பரத்தில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நாள் முழுக்க மைக்கில் கத்தினால் எந்தத் தொண்டையும் தாங்காது. அதனால் விளம்பரத்தின் பெரிய பகுதியை முன்பே பதிவு செய்து பென் டிரைவில் போட்டு ஓடவிடுவோம். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பழைய பஞ்சு மெத்தை. அதற்குள் நின்று அவர் பேசிப் பதிவு செய்வார். தேதியும் பஸ் கிளம்புகிற இடமும் மட்டும் மைக்கில் அந்தந்த நேரத்துக்குச் சொல்லுவோம். ரேஸ் தேதி அடிக்கடி தள்ளிப்போகும், அதனால் இந்த ஏற்பாடு. இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அவர் பதிந்த விளம்பரம் இப்படி ஆரம்பிக்கும்: "அன்பான பெரியோர்களே, தாய்மார்களே! வூட்ல குந்திக்கினு டிவி பாத்தது போதும். நம்ம கரும்புக் கொல்லையில காலு சேத்தோட வளந்த புள்ள, மெட்ராஸ்காரனுங்க நடுவுல வண்டியச் சாய்ச்சிக்கினு போறான். அவன் நம்மளத் தேடுறான். ஒரு கை தட்டறதுக்கு யாருமே இல்லியான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறான். வாங்க, போயி ஒரு சத்தம் குடுத்துட்டு வருவோம்!"

ரேஸில் திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவான் என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் பஸ் நிறைந்தது. கருணாபுரத்து ஜனம், திருக்கோவிலூர் கடைத்தெரு ஆட்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த மலை ஜனம். குலதெய்வம் கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி புளிச்சோறும் தண்ணீர்க் குடமுமாக ஏறினார்கள்.

அங்கே போன பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. ரேஸ் வண்டி கேலரிக்கு முன்னால் சர்ரென்று போய்விடும். அப்புறம் வளைவில் திரும்பி மறைந்துவிடும். ஒரு சுற்று முடிந்து மறுபடி கண்ணில் படும்வரைக்கும் பார்க்க ஒன்றுமில்லை. யார் யார் என்றும் தெரியாது, எல்லாருக்கும் தலையில் ஹெல்மெட். ஜனம் ஒரு சுற்று பார்த்தது. இரண்டாவது சுற்றில் புளிச்சோற்றைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது.

அப்போது அவர் கை மைக்கை எடுத்துக்கொண்டு கேலரியின் கீழ்ப்படியில் போய் நின்றார். வண்டி மறைந்த கணத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

"இப்ப தம்பி எங்க போறான்னா, மொத வளைவு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுனா பாறை ஒட்டி ஒண்ணு திரும்புமே, பஸ்ஸுக்காரன் ரிவர்ஸ் எடுப்பானே, அந்தப் பாறை வளைவு! பூந்தான், வந்தான். அடுத்தது வாந்தி வளைவு! நம்ம பொம்பளைங்க எல்லாம் ஜன்னல் பக்கம் தலைய நீட்டுவாங்களே, அதான்! இடது முட்டி தரையில, வலது கை முறுக்குது, முன்னாடி ரெண்டு பேரு. வுட்டானா? வுடல! முந்திட்டான்!"

அவருக்கும் அந்த இடம் தெரியாது. எங்களைப் போல அவருக்கும் வளைவு மறைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஜனம் எழுந்து நின்றுவிட்டது. வண்டிகள் வெளியே வந்தபோது தம்பி பழைய இடத்திலேயேதான் இருந்தான்.

"யோவ், ரெண்டு பேர முந்துனான்னு சொன்னியே?" என்று ஒருவர் கேட்டார்.

"முந்துனான். அவனுங்க திரும்ப முந்திட்டானுங்க. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

கேலரியே சிரித்தது. டீம் முதலாளி கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பிடியா இப்பிடிப் புளுகுன?" என்றேன்.

"மறைஞ்ச நேரத்துலதான் மொதலாளி நமக்கு வேலை. கண்ணுக்குத் தெரியறப்ப எவன் நம்மளக் கேக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஆட்டோவும் ரேஸும் எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் சிமெண்டுச் சட்டிதான் அவருக்குப் பிழைப்பு. சாயங்காலம் ஆனால் குடிப்பார். உடம்பு வலி என்பார். அந்தத் தெருவில் உடம்பு வலிக்காத ஆம்பளை யார் இருந்தார்கள்?

பிறகு அந்த ஆனி மாதம் வந்தது. கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் நடந்தது நாட்டுக்கே தெரியும், நான் விவரிக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். விடிந்தபோது தெருவில் வீட்டுக்கு வீடு ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டும் கண் தெரியவில்லை என்றும் கிடந்தார்கள். குடித்துவிட்டுப் பயத்தில் வெளியே சொல்லாமல் இன்னும் பலர் வீட்டுக்குள் படுத்திருந்தார்கள். தெருக்காரர்கள் ஓடி வந்து என் ஆட்டோவைக் கேட்டார்கள். கொடுத்தேன். யாரோ ஒரு பையன் மைக்கைப் பிடித்து, "குடிச்சவங்க யாரா இருந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்று சொல்லிக்கொண்டே போனான். அழுகையில் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. கதவுகள் சட்டென்று திறக்கவில்லை.

அந்தத் தெருவில் எந்தக் கதவையும் திறக்க வைக்கிற குரல் ஒன்று இருந்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் பாயில் கிடந்தார். மறுநாள் இறந்துபோனார்.

அந்த வருஷம் நான் ரேஸ் பக்கம் போகவில்லை. ஆட்டோவில் கடை விளம்பரம் மட்டும் ஓடியது, அதுவும் வேறு ஆள் குரலில். அடுத்த வருஷம் டீம் முதலாளி போன் செய்தார். முன்பு கேலரியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு டயர் கம்பெனிக்காரர் ஒருவர் வண்டியில் பெயர் போட வந்திருந்தாராம். போன வருஷம் வெறும் கேலரியைப் பார்த்துவிட்டு யோசிக்கிறாராம்.

"இந்த ரேஸுக்கு அவர் நேர்ல வர்றார். கூட்டம் இருந்தா தம்பிக்கு வண்டி உண்டு. இல்லைன்னா என்னால முடியாது, மன்னிச்சிடுங்க" என்றார்.

தம்பி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ரேஸ் ஓட்டுகிறவனுக்கு வண்டி இல்லாத ஒரு வருஷம் என்பது கரும்புக்குத் தண்ணீர் இல்லாத ஒரு வருஷம் மாதிரி. வேர் இருக்கும், ஆனால் தழையாது.

நான் சும்மா இருப்பேனா? தேர்தல் மேடையில் பேசுகிற ஒருவரைக் கூட்டி வந்து பதிந்தேன். தெருவில் ஜனம் "இன்னா, எலெக்ஷனா?" என்றது. திருத்தமாகத் தமிழ் பேசுகிற ஒரு டீச்சரம்மாவை வைத்துப் பதிந்தேன். நகைக்கடை விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள். பஸ்ஸில் சீட்டு எழுதிக்கொள்ள யாரும் வரவில்லை. ரேஸுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

அப்போதுதான் ஆட்டோ ஓட்டுகிற பாய் மெதுவாகச் சொன்னார். "பழைய பென் டிரைவு இருக்குது மொதலாளி. அதுல தேதி கெடையாது. அப்பிடியே ஓடும்."

நான் சொன்னேனே, அந்த முறை. தேதியை மைக்கில் சொல்வதால், பதிந்த பகுதி எந்த வருஷத்துக்கும் பொருந்தும். அவர் குரல் அப்படியே கெடாமல் இருந்தது. செத்துப்போனவர் குரலைத் தெருவில் ஓடவிட அவர் வீட்டில் கேட்காமல் முடியுமா? அவர் மனைவியைப் பார்க்கப் போனேன்.

அந்த அம்மா வெங்காய மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. சாக்கு விரித்து உட்கார்ந்து, வெங்காயத்துக்கு வாலும் தாளும் அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தது. தோலெல்லாம் காற்றில் பறந்து தலையில் ஒட்டியிருந்தது.

"இன்னா மொதலாளி, வெங்காயம் வாங்கவா வந்தீங்க?"

"உன்னத்தான் பாக்க வந்தேம்மா."

"என்னப் பாக்க வர்றவங்க எல்லாம் கேமராவோட வருவாங்க. நீங்க வெறுங்கையோட வந்துக்கிறீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். தம்பியின் வண்டி, காலி பஸ், பழைய பதிவு எல்லாம். போனில் போட்டுக் காட்டட்டுமா என்றேன்.

"போடாதீங்க. அது எப்பிடிப் பேசும்னு எனக்குத் தெரியாதா?"

இன்னொரு வெங்காயத்தை அரிவாளில் அறுத்துக் கூடையில் போட்டது. பிறகு கேட்டது. "இதால அந்தத் தம்பிக்கு வண்டி கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"எங்க ஆளு அந்தத் தம்பி மேல உசுரா இருந்துச்சு. போடுங்க. திருக்கோவிலூருல போடுங்க, மலையில போடுங்க, எங்க வோணாலும் போடுங்க. எங்க தெருவுல மட்டும் போடக் கூடாது."

எனக்குப் புரியவில்லை. "உங்க தெருவுதாம்மா மொதல்ல. கருணாபுரத்து ஜனம் ஏறுனாத்தான் பஸ்ஸே களை கட்டும். அங்க போடாம எப்பிடி?"

"கூடாதுங்க."

"பசங்க கேட்டா அழும்னு பாக்குறியா?"

அரிவாள் நின்றது. "எம் பசங்க கேக்கட்டும். அதுங்க அப்பன் கொரலுதான? எதுத்த வூட்டுல, பக்கத்து வூட்டுல, பின்னாடி சந்துல? அவங்க ஆளு பேசுனத எவன் புடிச்சு வெச்சிக்கிறான்? ஆதார் கார்டுல கீற போட்டோவத்தான் பெருசு பண்ணி மாட்டிக்கிறாங்க. எல்லாம் ஒரே சாராயம், ஒரே நாளு. என்னுது மட்டும் தெருவுல 'அன்பான தாய்மார்களே'ன்னு பேசிக்கினு போவும். அவங்களுது பேசாது. அந்தப் பொம்பளைங்க மூஞ்சிய நான் எப்பிடிப் பாப்பேன், சொல்லுங்க?"

நான் ஆபீஸ்களில் ஏறி இறங்கியவன். "முடியாது" என்று சொன்ன அதிகாரியை "ஆகட்டும்" என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுவேன். அன்று அந்த வெங்காயச் சாக்கிலிருந்து நானே "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"கோவிச்சுக்கினு போறீங்களா?" என்றது.

"இல்லம்மா. உங்க தெருவ எப்பிடிக் கூப்புடறதுன்னு யோசிக்கிறேன்."

"இம்மாம் பெரிய ஆளு நீங்க. மைக்கு இல்லாம கூப்ட்டா யாரும் வரமாட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தது.

மறுநாள் முதல் ஆட்டோ கிளம்பியது. நானும் பாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திருக்கோவிலூர் கடைத்தெருவில் நுழைந்து குரலை ஓடவிட்டபோது, டீக்கடை மாஸ்டர் ஒருவர் ஆற்றிக்கொண்டிருந்த கிளாஸோடு வெளியே வந்தார். முன்பு எங்களோடு பஸ்ஸில் வந்த ஆள்.

"யோவ் பாய், அவரு செத்துட்டாருன்னு சொன்னாங்களே?"

"செத்துட்டாரு."

"அப்ப இது?"

பாய் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே, "இது பேசுறாரு" என்றார்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். விளம்பரம் முழுவதும் முடிந்த பிறகு, "நாலு சீட்டு எழுதிக்க" என்றார். அந்தத் தெருவில் அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மலையில் இன்னும் விசேஷம். பாறை வளைவில் ஆட்டோ திணறித் திணறி ஏறும்போது, மேலே தினைக் கொல்லையில் இருந்தவர்கள் குரலை அடையாளம் கண்டு ரோட்டுக்கு இறங்கி வந்தார்கள். "அவரு எங்க? உள்ள கீறாரா?" என்று ஒரு பெரியவர் ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தார். செய்தி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பாய் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், அவரிடம் தனியாகச் சொன்னார்.

பஸ்கள் நிறைந்தன, கருணாபுரத்து ஜனத்துக்காக டவுனிலிருந்து கிளம்ப வேண்டிய பஸ்ஸைத் தவிர.

கருணாபுரத்துக்குத் திரும்புகிற முக்கில் பாய் சத்தத்தை நிறுத்தினார். பேச்சுப்படி நடக்க வேண்டும் இல்லையா? ஊமையாகத் தெருவைக் கடந்து அடுத்த பக்கம் போய்விடலாம் என்று பார்த்தோம். பாதித் தெருவில் ஒரு பெண் குறுக்கே வந்து ஆட்டோவை மறித்தது. அதன் வீட்டிலும் சாவுதான்.

"இன்னா பாய், ரோடு பூரா கத்திக்கினு வர்றீங்க. எங்க தெருவுல மட்டும் வாயப் பொத்திக்கினு போறீங்க. பொணம் வுழுந்த தெருன்னா?"

வேறு கதவுகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. "வருஷமாச்சு. ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, எதுக்காச்சும் எங்களக் கூப்ட்டாங்களா? இப்ப ரேஸுக்குக்கூட ஆவாதவங்களா நாங்க?" என்று இன்னொரு பெண்.

பாய் என்னைப் பார்த்தார். என்னிடம் காரணம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த அம்மா எதைத் தவிர்க்கப் பார்த்ததோ அதையே நான் செய்தது போல ஆகும். உங்களுக்காகத்தான் அவள் குரலை மறுத்தாள் என்று அந்தப் பெண்களிடம் எந்த வாயால் சொல்வது? கடைசி வீட்டு வாசலில் அந்த அம்மாவும் நின்றுகொண்டிருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க தெருவுக்கு ஆட்டோ வராது. நானே வருவேன். சாயங்காலம் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. எப்படி வருவேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். "தாம்பாளத்துல வெத்தல பாக்கு வெச்சு வூடு வூடாக் கூப்புடு. கல்யாணத்துக்குக் கூப்புடற மாதிரி."

"தாலி எறங்குன வூடுங்கடீ. அங்க தாம்பாளம் தூக்கிக்கினு போனா ஊரு இன்னா பேசும்?"

"ஊரு இன்னா பேசுனா நமக்கு இன்னா? வருஷம் திரும்பிடுச்சு. நீ வரலைன்னா நான் போறேன்."

போனோம். என் குரல் விளம்பரத்துக்கு ஆகாத குரல். மெல்லியதாக, கீச்சென்று இருக்கும். அதனால்தான் இத்தனை காலமும் மற்றவர் குரலை வைத்துத் தொழில் செய்தேன். அந்தக் குரலை வைத்துக்கொண்டு முதல் வாசலில் நின்றேன்.

"மொதலாளியே வந்துட்டாரு! இன்னா, வோட்டா?"

"ரேஸும்மா. நம்ம தம்பி ஓட்டுறான். நீங்க எல்லாம் வரணும்."

"நாங்க வந்து இன்னா பண்ண?"

"கத்தணும்."

"ஒரு வருஷமாக் கத்திக்கினுதான கீறோம்."

என் வீட்டுக்காரி தாம்பாளத்தை நீட்டி, "அங்க வந்து வேற மாதிரிக் கத்தலாம், வாங்க" என்றாள். அந்தப் பெண் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வெற்றிலையை எடுத்தது.

சில வீடுகளில் எடுத்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கடைசி வீட்டில் அந்த அம்மா வெற்றிலையை வாங்கிக்கொண்டு, "இந்தக் கொரலுக்கே இத்தினி பேரா?" என்றது. கேலிதான். கண்ணில் தண்ணீர் நின்றது.

ரேஸ் அன்று கேலரி நிறைந்திருந்தது என்றால் அளந்து பேசுகிறேன் என்பார்கள். நிறையவில்லை. ஆனால் டயர் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே ஒரு பெரிய பகுதி எங்கள் ஜனம். நடுவில் கருணாபுரத்துப் பெண்கள். கொடி விழுந்தது. தம்பி எங்களைத் தாண்டிப் போனான். எல்லோரும் எழுந்து சத்தம் போட்டார்கள். வண்டி வளைவில் மறைந்தது.

அத்தனை ஜனமும் சட்டென்று அமைதியாகிவிட்டது. எல்லாருடைய கண்ணும் கீழ்ப்படிக்குப் போனது. அவர் மைக்கோடு நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. அங்கே யாரையும் நிறுத்த நான் ஏற்பாடு செய்யவில்லை. செய்திருந்தாலும் ஜனம் கேட்டிருக்காது.

அப்போது பின்னால் ஒரு பெண், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல, "பாறை வளைவு" என்றது. மலைக்காரர் ஒருவர் தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து இரண்டு மூன்று பேர் சேர்ந்து, "வாந்தி வளைவு" என்றார்கள். யாரும் கத்தவில்லை. அவர் வைத்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசி வளைவின் பெயர் வந்ததும் அந்த அம்மா எழுந்து நின்றது. வண்டிகள் வெளியே வந்தன.

தம்பி பரிசு மேடை ஏறவில்லை. ஆறாவதாகவோ என்னவோ வந்தான். டீம் முதலாளி என்னிடம் வந்து, "கூட்டம் இருந்துச்சு சார். ஆனா ஏன் பாதி நேரம் சத்தமே இல்லாம உட்கார்ந்திருந்தாங்க?" என்றார். "கவனமாப் பாத்தாங்க சார்" என்றேன். டயர் கம்பெனிக்காரருக்கும் அதுவே திருப்தியாக இருந்ததாம். தம்பிக்கு வண்டி கிடைத்தது. இந்த வருஷமும் ஓட்டுகிறான்.

இந்த வருஷமும் அதே குரல்தான். அந்த அம்மாவிடம் மறுபடி போய்க் கேட்டேன். அதே பதில், அதே நிபந்தனை. பாய்க்கு முட்டி வலி வந்து வேறு டிரைவர் வைத்திருக்கிறேன். முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன், அந்த முக்கு வந்ததும் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று. ஏன் என்று கேட்டார். செய், பிறகு சொல்கிறேன் என்றேன்.

போன வாரம் மெயின் ரோட்டில் குரலை ஓடவிட்டுக்கொண்டே வந்தோம். "நம்ம கரும்புக் கொல்லையில காலு சேத்தோட வளந்த புள்ள" என்ற இடத்தில் முக்கு வந்துவிட்டது. டிரைவர் சத்தத்தை நிறுத்தினார். நான் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்காரி பின்னால் வெற்றிலைக் கட்டோடு இறங்கினாள்.

தெருவுக்குள் நான் இன்னும் காலே வைக்கவில்லை. சத்தம் நின்றதுமே கதவுகள் திறந்தன. முதல் வீட்டிலிருந்து கடைசி வரைக்கும் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். போன தடவை சாத்திய கதவுகளில் ஒன்றிரண்டும் திறந்திருந்தன.

"வாங்க மொதலாளி, கீச்சுக் கொரலு வந்தாச்சா?" என்று முதல் வாசலில் இருந்த பெண் கேட்டது.

டிரைவர் ஆட்டோவிலேயே உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை.